சர்ஜனின் உடம்பை யார் பார்த்துக்கொள்வது? அறுவை அரங்கின் வேலைசார் நலம், ஓர் அறிமுகம்

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பதில்லை. 5 மி.மீ., 10 மி.மீ. அளவில் மூன்று நாலு துளைகள்தான். ஒன்றின் வழியே கேமரா போகும், மற்றவற்றின் வழியே நீளமான மெல்லிய கருவிகள் போகும். நோயாளிக்கு வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம், தழும்பும் அவ்வளவாகத் தெரியாது. அதே நேரத்தில் சர்ஜனைப் பக்கவாட்டில் நின்று கவனித்தால் வேறொன்று தெரியும். கண் திரையில் இருக்கிறது, கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. தோள்கள் தூக்கியபடி, முழங்கைகள் உடம்பை விட்டு விலகியபடி நிற்கிறார். ஒரு பாதம் காட்டரியின் (திசுவைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் மின்கருவி) பெடலின் மேல் இருப்பதால் உடம்பின் கனம் முழுக்க மறு காலில் இறங்குகிறது. ஒரு மணி நேரம் இப்படி நிற்க வேண்டும். சிக்கலான கேஸ் என்றால் நாலைந்து மணி நேரம் கூட ஆகும்.

எந்த வேலையும் செய்கிறவரின் உடம்பில் தடம் பதிக்காமல் விடாது. தறியில் குனிந்தவருக்கு முதுகு, வெல்டருக்குக் கண், பஸ் ஓட்டுநருக்கு இடுப்பு. அந்தத் தடம் எப்படி விழுகிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்று ஆராய்வதுதான் வேலைசார் நலம். ஆளுக்கு ஏற்ப வேலையையும் கருவியையும் இடத்தையும் அமைப்பது அதில் ஒரு பிரிவு. அதை எர்கானமிக்ஸ் என்கிறார்கள். ஆலைக்கும் அலுவலகத்துக்கும் இதையெல்லாம் யோசித்து வெகு காலம் ஆகிவிட்டது. அறுவை அரங்கில்தான் இந்தப் பேச்சு தாமதமாக வந்தது. அங்கே எல்லார் கவனமும் மேசையில் படுத்திருப்பவர் மீது. அது சரிதான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் அவர் உடம்புக்குள் வேலை செய்வது இன்னொரு மனிதரின் கை. அந்தக் கைக்கு மேலே ஒரு தோளும் கழுத்தும் உண்டு, தூங்காத ஒரு மூளையும் இருக்கலாம். ஆகவே சர்ஜனின் உடல்நலம் அவருடைய சொந்தப் பிரச்சினை மட்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. நோயாளியின் பாதுகாப்பில் அதுவும் ஒரு பகுதி.

இவ்வளவு நேரம் நிற்கும் வழக்கமே ஏறக்குறைய 180 வருடப் பழக்கம்தான். மயக்க மருந்துக்கு முந்தைய காலத்தில் நல்ல சர்ஜன் என்றால் வேகமான சர்ஜன். காலை அகற்றுவதைச் சில நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டும், நோயாளி விழித்திருப்பார், நாலு பேர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். லண்டனில் ராபர்ட் லிஸ்டன் அந்த வேகத்துக்குப் பேர்போனவர். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் கொடுத்து கழுத்துக் கட்டி ஒன்றை வலியில்லாமல் அகற்றிக் காட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று லிஸ்டனும் ஈதர் மயக்கத்தில் ஒரு காலை அகற்றினார். அதன் பிறகு அவசரம் போயிற்று. வயிற்றுக்குள் போகலாம், மண்டையோட்டைத் திறக்கலாம், மெதுவாகத் தையல் போடலாம். நோயாளிக்குக் கிடைத்த அந்த நிம்மதியான நேரம் முழுவதும் சர்ஜன் நின்ற நேரம்.

நிற்பதில் அப்படி என்ன கஷ்டம் என்று தோன்றலாம். கோயில் வரிசையில் எல்லாரும்தான் நிற்கிறோம். வித்தியாசம் அசைவில் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது அதற்குள் ரத்தம் ஓடும். ஒரே நிலையில் இறுகியே இருந்தால், உள்ளேயிருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் அழுந்தி ஓட்டம் குறைகிறது. தசை சோர்ந்து வலிக்க ஆரம்பிக்கிறது. சர்ஜனால் இஷ்டத்துக்கு அசைய முடியாது. கருவியின் நுனி ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நேராக இருக்கும்போது முதுகெலும்பு அதைச் சுலபமாகத் தாங்கிவிடும். முன்னால் குனியக் குனிய கழுத்து உணரும் சுமை கூடும். 60 டிகிரி சாய்ந்தால் அது 27 கிலோ வரை போகும் என்று ஒரு கணக்கீடு சொல்கிறது. திறந்த அறுவை சிகிச்சையில் குழிக்குள் எட்டிப் பார்ப்பவரும், உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சின்ன ரத்தக் குழாயைத் தைப்பவரும் இந்தக் கோணத்தில்தான் இருக்கிறார்கள்.

லேப்ராஸ்கோப்பி கழுத்தை நிமிர்த்திவிட்டதே, அப்புறம் என்ன? சுமை இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை உள்ளே விட்டதும் வயிறு உப்பி மேலே வரும். கருவிகளின் கைப்பிடியோ வயிற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேசை வழக்கமான உயரத்திலேயே இருந்தால் சர்ஜனின் கைகள் மார்பளவுக்கு ஏறிவிடும், தோள் தூக்கும். ஆகவே மேசையை நன்றாகத் தாழ்த்த வேண்டும், கைப்பிடி முழங்கை மட்டத்துக்கு வருகிற வரைக்கும். சில பழைய மேசைகள் அந்த அளவுக்கு இறங்காது. அப்போது சர்ஜன் ஸ்டூல் மேல் ஏறி நிற்பார். பெடல் மட்டும் தரையிலேயே இருந்துவிட்டால்? அதை மிதிக்க ஒவ்வொரு தடவையும் காலைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். பெடலையும் ஸ்டூல் மேலேயே வைத்தால் போதும், காசு செலவில்லாத தீர்வு. திரையும் அப்படியே: சர்ஜனுக்கு நேர் எதிரே, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். பல இடங்களில் திரையை வசதிப்பட்ட மூலையில் நிறுத்திவிட்டு, மனிதக் கழுத்தைத் திருப்புகிறார்கள்.

இன்னொரு சிரமமும் உண்டு. துளை ஒரு தாங்குபுள்ளி ஆகிவிடுவதால், கையை இடது பக்கம் நகர்த்தினால் உள்ளே நுனி வலது பக்கம் போகும். பழகப் பழக இது கைக்கு வந்துவிடும், ஆனால் மணிக்கட்டு அதிகம் வளைய வேண்டியிருக்கும். கருவிகளின் கைப்பிடிகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வருகின்றன. 6 அல்லது 6.5 சைஸ் கையுறை போடுகிறவருக்கு திசுவைக் கிளிப் போட்டு மூடும் ஸ்டேப்ளர் கருவியை ஒரு கையால் அழுத்துவதே பெரும்பாடு. பெண் சர்ஜன்கள் பலருடைய கை சைஸ் இதுதான். கருவியை வடிவமைத்தவர்கள் யாருடைய கையை அளந்தார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹெம்டன் உட்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவையைச் செய்தார். கொஞ்ச காலத்தில் கோவை இந்தத் துறைக்குப் பெரிய மையமாகிவிட்டது. இத்தனை வருடம் ஆகியும் கைப்பிடி சைஸ் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

விளைவைச் சொல்லும் எண்கள் கொஞ்சம் கவலை தருபவை. சர்ஜன்களையும், ஊசி, குழாய் வழியே சிகிச்சை செய்யும் மற்ற மருத்துவர்களையும் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2018-ல் வந்தது. கழுத்தெலும்புத் தேய்மானம் 17 சதவீதம், தோள்மூட்டுத் தசைநார்ப் பாதிப்பு 18 சதவீதம், இடுப்பெலும்புத் தேய்மானம் 19 சதவீதம் என்றது அது. வலி மட்டும் இருப்பவர்கள் இதைவிட நிறையப் பேர்.

நல்ல செய்தி என்னவென்றால், தீர்வு பெரிய செலவு பிடிக்காதது. அமெரிக்காவில் மேயோ கிளினிக் குழுவினர் 'சிற்றிடைவேளை' முறையைச் சோதித்தார்கள். 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒரு தடவை, பாதுகாப்பான ஒரு கட்டம் பார்த்து கருவிகளை விட்டுவிட்டு, ஒன்றரை இரண்டு நிமிடம் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பை நீட்டி மடக்குவது. கையுறையும் கவுனும் கழற்ற வேண்டியதில்லை, கை இடுப்புக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். வலி குறைந்தது, அறுவையின் மொத்த நேரம் கூடவில்லை. நேரமாகிவிட்டது என்று ஞாபகப்படுத்தும் வேலையை சர்ஜனிடமே விடக்கூடாது, வேலையில் மூழ்கினால் அவருக்கு நினைவு வராது. அரங்கில் இருக்கும் நர்ஸோ மயக்க மருத்துவரோ சொன்னால்தான் நடக்கும்.

கையுறை யாருக்காக வந்தது?

நோயாளிக்குக் கிருமி தொற்றாமல் இருக்கத்தான் என்று யாரும் சொல்வோம். கதை வேறு.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-ல் திறந்தது. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன், அவருடைய அறுவை அரங்கின் தலைமை நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். கிருமியை அழிக்க அன்று மெர்குரிக் குளோரைடு கரைசலில் கையை முக்கி எடுப்பார்கள். அது பாதரசச் சேர்மம், தோலை அரித்துவிடும். கரோலினின் கைகள் வெடித்துப் புண்ணாகி, வேலையை விட வேண்டிய நிலை வந்துவிட்டது. அவருடைய கைகளுக்கு பிளாஸ்டர் அச்செடுத்து, குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறை இரண்டு ஜோடி செய்து தரச் சொன்னார் ஹால்ஸ்டெட். அடுத்த ஆண்டே இருவருக்கும் திருமணம் நடந்தது.

ஆக, அறுவைக் கையுறை முதலில் காப்பாற்றியது ஒரு பணியாளரின் தோலை. பிறகு உதவியாளர்களும் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள். ஹால்ஸ்டெட்டின் சீடர் ஜோசப் பிளட்குட் எல்லா அறுவையிலும் கையுறை போட ஆரம்பித்து, குடலிறக்க அறுவைகளில் சீழ்ப்பிடிப்பு வெகுவாகக் குறைந்ததை 1899-ல் எழுதினார். நோயாளிக்குக் கிடைத்த நன்மை அப்போதுதான் கணக்குக்கு வந்தது. வேலை செய்பவரைக் காப்பாற்றப் போய் நோயாளியும் காப்பாற்றப்பட்ட இந்தச் சம்பவத்தை மருத்துவமனை நிர்வாகிகள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கையுறையும் தன் பங்குக்குச் சில தொல்லைகளைக் கொண்டுவந்தது. எளிதாக மாட்டுவதற்காகப் போட்ட பவுடர் நோயாளியின் வயிற்றில் தங்கி, குடல்கள் ஒட்டிக்கொள்ளக் காரணமானது. 1980-களின் கடைசியில் எச்.ஐ.வி. பயத்தால் எல்லாரும் எப்போதும் கையுறை போட ஆரம்பித்ததும், லேட்டக்ஸ் ரப்பர் ஒவ்வாமை மருத்துவப் பணியாளர்களிடம் வேகமாகக் கூடியது. பவுடர் அந்த ரப்பர் புரதத்தைக் காற்றில் கிளப்பிவிட்டு மூச்சிலும் சேர்த்தது. பவுடர் போட்ட கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் முழுக்கத் தடை செய்தது.

இடது ஆள்காட்டி விரல்

வலக்கைப் பழக்கமுள்ள சர்ஜனுக்கு அதிகம் ஊசி குத்தும் இடம் இதுதான். வலது கை ஊசியைப் பிடித்திருக்கும், ஆழத்தில் திசுவைத் தடவிப் பார்ப்பதும் ஒதுக்கிப் பிடிப்பதும் இடது விரல். கண்ணுக்கு எட்டாத இடத்தில் வளைந்த ஊசியின் முனை எங்கே வெளியே வரும் என்பதை அந்த விரல்தான் உணர்ந்து சொல்லும். சில சமயம் குத்து வாங்கித்தான் சொல்லும்.

கத்தியின் ஒரு சிறு கீறல் உயிரையே வாங்கும் என்பது 1847-ல் வியன்னாவில் தெரிந்தது. தடயவியல் பேராசிரியர் யாக்கோப் கொலெச்கா பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டு விரலில் காயமடைந்து இறந்துபோனார். அவருடைய உடலில் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடல்களில் இருந்ததைப் போலவே இருந்தன. அவருடைய நண்பர், பிரசவ வார்டு மருத்துவர் செம்மல்வைஸ் அதிலிருந்துதான் விஷயத்தைப் பிடித்தார்: பிண அறையிலிருந்து மருத்துவர்களின் கை வழியே ஏதோ ஒன்று பிரசவ வார்டுக்குப் போகிறது. குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார், சாவு குறைந்தது.

இன்றைய பயம் ரத்தத்தில் வரும் வைரஸ்கள். தொற்றுள்ளவர் மேல் பயன்பட்ட ஊசி ஒரு தடவை குத்தினால், எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு சராசரியாக 1,000-ல் 3. ஹெப்படைட்டிஸ் சி 100-ல் 2-க்கும் குறைவு. ஹெப்படைட்டிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு 100-ல் 6 முதல் 30 வரை. பயம் எல்லாம் எச்.ஐ.வி. மேல் இருக்கிறது, உண்மையில் எளிதில் ஒட்டிக்கொள்வது ஹெப்படைட்டிஸ் பி. அதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. மருத்துவ மாணவர் முதல் அரங்கைத் துடைத்துச் சுத்தம் செய்யும் பணியாளர் வரை எல்லாருக்கும் அது முழுத் தவணையும் போட்டிருக்க வேண்டும்.

2007-ல் அமெரிக்காவின் 17 மருத்துவ மையங்களில் பயிற்சி சர்ஜன்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சியின் கடைசி வருடத்துக்குள் 99 சதவீதம் பேர் ஊசிக் குத்து வாங்கியிருந்தார்கள். கடைசியாக வாங்கிய குத்தைப் பாதிப் பேர் யாரிடமும் முறையாகச் சொல்லவில்லை, முக்கியக் காரணம் நேரமில்லை. இந்த இரண்டாவது எண்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. தேவைப்பட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள்ளும் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். குத்தியதும் செய்ய வேண்டியது சுலபம்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், விரலைப் பிழியக் கூடாது, வாயில் வைக்கவே கூடாது, உடனே டியூட்டியில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும்.

தடுக்க வழிகள் உண்டு. இரண்டு கையுறை போடுவது அதில் முதலாவது. உள்ளே பச்சை நிறம், வெளியே வெளிர் நிறம். வெளிக் கையுறை ஓட்டையானால் ஈரம் இறங்கி அந்த இடம் கரும்பச்சைப் புள்ளியாகத் தெரியும், உடனே மாற்றிக்கொள்ளலாம். விரலின் உணர்வு குறைகிறது என்பார்கள், சில நாளில் பழகிவிடும். தசையைத் தைக்க மழுங்கிய முனை ஊசி. கத்தியைக் கையோடு கை கொடுக்காமல் கிட்னி டிரே என்ற வளைந்த தட்டில் வைத்து நகர்த்துவது. எல்லாமே சின்னப் பழக்கங்கள், சீஃப், அதாவது தலைமை சர்ஜன், செய்தால் மற்றவர்கள் செய்வார்கள்.

கதிரும் புகையும்

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு மருத்துவமனை வளாகத்தில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. எக்ஸ்-கதிர், ரேடியம் வேலைகளில் உயிரிழந்த மருத்துவர்கள், நர்ஸ்கள், தொழில்நுட்பர்கள் என்று 169 பெயர்களோடு 1936-ல் அதை நிறுவினார்கள். ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தது 1895-ல். நாற்பது வருடத்தில் இவ்வளவு பேர். ஆரம்பத்தில் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தங்கள் கையையே கதிருக்கு முன்னால் நீட்டிப் பார்த்தார்கள்.

இன்று எலும்பு முறிவுக்கு ஆணி போடும் சர்ஜன் சி-ஆர்ம் என்ற எக்ஸ்-கதிர் கருவியில் படம் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார். காரீய ஏப்ரன் கதிரைத் தடுக்கிறது, ஆனால் பல கிலோ கனம் தோளில் ஏறுகிறது. ஒரு அபாயத்தைத் தடுக்க இன்னொன்றைச் சுமக்கிறார். தோளில் மட்டும் தொங்காமல் இடுப்பிலும் கனம் இறங்கும் இரண்டு துண்டு ஏப்ரன் இதற்கு நல்லது. தூரம் பெரிய காவல்: கதிர் மூலத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் கால் பங்காகிவிடும். கழுத்தில் கட்டும் தைராய்டு பட்டை, சட்டையில் குத்திக்கொள்ளும், உடம்பில் பட்ட கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இரண்டையும் சோம்பல்பட்டு விடக்கூடாது. ஏப்ரனை மடித்துப் போட்டால் உள்ளே வெடிப்பு விழுந்து கதிர் கசியும், தொங்கத்தான் விட வேண்டும்.

புகை விஷயம் பலருக்குத் தெரியாது. 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில் மூளை சர்ஜன் ஹார்வி குஷிங், வில்லியம் போவி உருவாக்கிய மின்கருவியைக் கொண்டு ஒரு மூளை அறுவையைச் செய்தார். வெட்டும்போதே ரத்தத்தை நிறுத்தும் அந்தக் கருவியின் வாரிசுதான் எல்லா அரங்கிலும் இருக்கும் காட்டரி. அது திசுவைக் கருக்கும்போது எழும் புகையில் பெரும்பகுதி நீராவி. மீதியில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு, நுண்துகள்கள் உண்டு. மருக்களைச் சுடும்போது வைரஸின் மரபணுவும் புகையில் கிடைத்திருக்கிறது. சாதாரண அறுவை மாஸ்க் இதை வடிகட்டாது. நுனிக்குப் பக்கத்திலேயே உறிஞ்சும் கருவியை வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் 2018 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. நம் அரங்குகளிலும் உறிஞ்சு குழாய் ஏற்கெனவே இருக்கிறது, நுனிக்கு அருகே பிடிக்க ஒரு கை வேண்டும்.

தூக்கம்

பயிற்சி சர்ஜன் மருத்துவமனையிலேயே தங்கி, இரவு பகல் பார்க்காமல், வருடக்கணக்கில் உழைத்துத் தேற வேண்டும் என்ற முறைக்கு அமெரிக்காவில் வடிவம் கொடுத்தவரும் அதே ஹால்ஸ்டெட்தான். அவர் 1884 வாக்கில் கொக்கைனை நரம்பு மரப்பு மருந்தாக ஆராய்ந்தபோது தன் உடம்பிலேயே செலுத்திப் பார்த்து அடிமையானவர். பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாகி, அதிலிருந்து கடைசி வரை முழுதாக மீளவில்லை. மாபெரும் சர்ஜன், மறுக்க முடியாது. ஆனால் அவர் அமைத்த வேலைமுறையை மனித உடம்பின் அளவுகோலாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

1984-ல் நியூயார்க்கில் 18 வயது கல்லூரி மாணவி ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். பார்த்துக்கொண்டவர்கள் நீண்ட டியூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். அந்த வழக்கிலிருந்து வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு அந்த மாநிலத்திலும், 2003-ல் நாடு முழுக்கவும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு சராசரியாக 48 மணி. இந்திய அரசின் 1992 உத்தரவும் ரெசிடென்ட் மருத்துவர்களுக்குத் தொடர்ந்து 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்றே சொல்கிறது. அறுவைத் துறையில் பி.ஜி. படிக்கும் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், இப்படி ஓர் உத்தரவு இருக்கிறதா என்று கேட்பார்கள்.

சர்ஜன்களே இதில் இரண்டு பக்கமாக இருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. நேரமாகிவிட்டது என்று பாதியில் வேறொருவரிடம் நோயாளியை ஒப்படைத்தால் தகவல் விட்டுப்போகும். அமெரிக்காவில் 117 பயிற்சித் திட்டங்களில் இதைச் சோதித்தார்கள். 80 மணி வரம்பை வைத்துக்கொண்டு, ஒரே டியூட்டி எவ்வளவு நீளலாம் என்பதைத் தளர்த்திப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. நோயாளிகளின் சாவும் கடும் சிக்கலும் கூடவில்லை. ஆனால் நீண்ட டியூட்டி செய்தவர்கள் தங்கள் குடும்பமும் உடல்நலமும் ஓய்வும் பாதிக்கப்படுவதாகச் சொன்னார்கள். நோயாளிக்கு ஆபத்தில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா, டாக்டரின் வாழ்க்கையையும் கணக்கில் எடுக்க வேண்டுமா என்பதே இப்போதைய கேள்வி. என் பதில் இரண்டாவது.

பெண் சர்ஜன்கள் விஷயத்தில் தயங்கவே இடமில்லை. 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பெண் சர்ஜன்களில் 42 சதவீதம் பேர் கருச்சிதைவையோ குழந்தை இழப்பையோ சந்தித்திருந்தார்கள். பொதுவான அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் அறுவை செய்தவர்களுக்குச் சிக்கல்கள் அதிகம். சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்று ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கர்ப்பமாக இருக்கும் சர்ஜன் நைட் டியூட்டியை மாற்றிக் கேட்பது இன்னமும் சலுகை கேட்பதுபோல் பார்க்கப்படுகிறது. டியூட்டி பட்டியல் போடும்போதே அதை எழுதிவைத்த விதியாக ஆக்கிவிட்டால் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், சின்னதென்று விட்டுவிட முடியாதது. அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களிடம் 2005-ல் நடந்த ஆய்வில், 24 மணி நேரத்தைத் தாண்டிய டியூட்டி முடித்து வீட்டுக்குப் போகும்போது வாகன விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அவர்கள் கார் ஓட்டினார்கள். நம் ஊர் பி.ஜி.க்களில் பலர் டூவீலரில் போகிறவர்கள். வண்டிச் சாவியை எடுக்கும் முன் இரண்டு மணி நேரம் படுத்து எழ, மின்விசிறி ஓடுகிற, கதவு பூட்டுகிற, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியான ஓர் அறை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இருக்க வேண்டும். கட்டுவதற்கு ஒரு லேப்ராஸ்கோப்பி கேமராவின் விலை கூட ஆகாது.